கரைவதற்குள் எடுத்த நான்கு படங்கள்

போன மாதம் பண்ணையிலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே வானிலைப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் தினேஷ் பேசினார்.

"மேடம், பழைய ஃபைலையெல்லாம் ஸ்கேன் பண்ணிட்டிருக்கோம். ஒண்ணுல வெங்காயத்தை ரெண்டா அறுத்து வெச்ச மாதிரி ஒரு போட்டோ இருக்கு. பக்கத்துல ஸ்கேல். பின்னால உங்க கையெழுத்து. வெங்காயத்தை எதுக்கு மேடம் வானிலை ஃபைல்ல வெச்சீங்க?"

"அது வெங்காயம் இல்லீங்க. வானத்துலேந்து விழுந்தது" என்றேன்.

அவர் அந்தப் போட்டோவைத் திருப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எழுதிக் குடுங்க மேடம், ஃபைலோட வெச்சிடறேன்" என்றார். ஒரு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீண்டுவிட்டது.

என் பெயர் நிர்மலா. அடி அண்ணாமலையில் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. இயற்பியல் படித்துவிட்டு, 1989-இல் திருவண்ணாமலைக்கு வெளியே கீழ்பென்னாத்தூர் போகும் பாதையில் இருந்த ஒரு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் வானிலைப் பதிவாளராகச் சேர்ந்தேன். மூன்று மாதம் புனேயில் பயிற்சி. சப்பாத்தியும் மேகங்களின் லத்தீன் பெயர்களும் அங்கே பழகின. வேலையைக் கற்றுக்கொண்டது திரும்பி வந்தபின், சம்பந்தம் சாரிடம்.

பிரிவின் பொறுப்பாளர் அவர். ஐம்பதை நெருங்கியவர், ஒல்லியான உருவம், எப்போதும் முழுக்கைச் சட்டை. எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். பண்ணை நாய் வராண்டாவில் படுத்திருந்தால் "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் வந்து நின்றால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

பண்ணை நடுவே கம்பி வேலி போட்ட சின்னப் புல்தரை. அதில் நான்கு கால்களின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. காற்று போகும், வெயில் நுழையாது என்ற கணக்கில் சுற்றிலும் சாய்பலகை அடித்தது. உள்ளே நான்கு வெப்பமானிகள். தினமும் இரண்டு தடவை அவற்றைப் படிக்க வேண்டும், ஏழு மணிக்கும் இரண்டு மணிக்கும். ஆனால் அது கைக்கடிகாரத்தின் ஏழும் இரண்டும் அல்ல. நாட்டின் கடிகாரம் பன்னிரண்டு காட்டி ஏறக்குறைய பதினாலு நிமிடம் கழித்துத்தான் சூரியன் எங்கள் ஊரின் உச்சிக்கு வரும். பயிருக்குக் கடிகாரம் தெரியாது, சூரியன்தான் தெரியும். ஆகவே எங்களுக்கு ஏழு என்பது ஏழு பதினாலு, இரண்டு என்பது இரண்டு பதினாலு. இதைக் கேட்ட நாளில் என் ஊருக்கென்று தனியாக ஒரு நேரம் இருக்கிறது என்று எனக்கு வந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

சம்பந்தம் சார் பெட்டியைத் திறப்பதே தனி முறை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். கண் பாதரசத்தின் மட்டத்துக்கு வரும் வரை முழங்காலை மடிப்பார். மூச்சை அடக்கிக்கொள்வார், மூச்சுச் சூடு ஏறிவிடக் கூடாது என்று. முதலில் பத்தில் ஒரு பங்கைப் படித்துவிட்டு, முழு எண்ணை அப்புறம் படிப்பார். ஆள் நெருங்கியதும் சின்ன அளவுதான் முதலில் மாறும்.

சேர்ந்த முதல் வாரத்தில் நான் இருபத்தேழு என்று எழுதியிருந்தேன். "இதைப் பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்று கேட்டார்.

"சுமார் இருபத்தேழு இருந்துச்சு சார்."

"இந்தத் தெர்மாமீட்டர்ல சுமார்னு ஒரு கோடு எங்க இருக்கு, காட்டுங்க."

அதற்கப்புறம் பல வருடம் நான் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை, ஓர் எண்ணைக்கூட நினைத்து எழுதவில்லை.

ஆனால் எண்களோடு என் ஆசை நிற்கவில்லை. பதிவேட்டில் 'இடி' என்று ஒரே சொல்லை எழுதி மூடும்போது, அந்த மாலையில் மலைக்குப் பின்னால் எழும்பிய மேகம் எங்கே போயிற்று என்று இருக்கும். என் கணவர் பள்ளி ஆசிரியர். எங்கள் மகளைப் படம் எடுக்கவென்று சென்னையில் பழைய கேமரா ஒன்று வாங்கி வந்திருந்தார். மகள் படத்தைவிட மேகப் படம்தான் அதில் ஜாஸ்தி. தேரடித் தெரு ஸ்டூடியோக்காரர் ஒவ்வொரு ரோலுக்கும் சலித்துக்கொள்வார். "ஒரு ஆள்கூட இல்லாத படத்துக்கு எதுக்கும்மா பிரிண்டு?"

அந்தச் சமயத்தில்தான் ஹெல்கா வந்தார். ரமணாசிரமம் பக்கம் செங்கம் சாலையில் மாடி அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இத்தாலியிலும் இந்தோனேசியாவிலும் எரிமலைகளைப் படம் எடுத்தே வாழ்ந்தவர், ஒரு சரிவில் விழுந்து முழங்கால் கெட்டதால் ஓய்வுக்காக வந்திருந்தார். ஒருநாள் ரிக்‌ஷாவில் பண்ணைக்கு வந்து, "உங்கள் ஊர் வானம் எந்த மாதம் எந்த மணிக்குக் கொதிக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சம்பந்தம் சார் எழுந்துபோய் ஏழு வருடப் பதிவேட்டை எடுத்து வந்து, இடி இடித்த நாட்களையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினார். அவரிடம் அப்படிக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.

அந்தச் செப்டம்பரில் இருட்டத் தொடங்கும் வேளையில் ஹெல்காவின் அறைக்கு ஐந்தாறு தடவை போனேன். ஜன்னலுக்கு நேரே மலை. முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஷட்டரைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மின்னல் விழுந்தால் அதன் வெளிச்சமே படத்தை எழுதிக்கொள்ளும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடிகளை எண்ணுவோம். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். ஒன்பதுக்குக் கீழே வந்தால் ஹெல்கா பேசாமல் ஜன்னலைச் சாத்திவிடுவார். நெருப்புக் குழம்பு ஓடும் மலைமேல் நின்றவர் எங்கள் ஊர் மின்னலுக்கு இவ்வளவு பயப்படுகிறாரே என்று கேட்டேன். "பயந்ததால்தான் இந்த வயதுவரை படம் எடுக்கிறேன்" என்றார். எங்கே நின்றோம், எந்தத் திசையைப் பார்த்தோம், மணி என்ன, இவை மூன்றும் எழுதாத படம் அவருக்குப் பாதிப் படம். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

எங்கள் மலை ஒரு காலத்தில் எரிமலை என்று ஊரில் பலர் சொல்வார்கள். நானும் அவரிடம் கேட்டேன். கிரிவலப் பாதையில் உடைந்து கிடந்த ஒரு கல்லை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மினுக்கும் துகள்கள் எவ்வளவு பெரிதாக இருக்கின்றன பார். வெடித்து வெளியே வந்த குழம்பு சீக்கிரம் ஆறிவிடும், அதில் துகள் இப்படி வளர நேரமிருக்காது. இது பூமிக்குள் ஆழத்தில், யாரும் பார்க்காமல், மிக மெதுவாக ஆறிய கல்" என்றார். அதன் பிறகு பௌர்ணமிக் கூட்டத்தோடு நடக்கும்போதெல்லாம் என் கண் காலடிக் கல்லுக்குத்தான் போகிறது.

ஹெல்கா ஊர் திரும்பிய மறுவருடம், ஏப்ரல் கடைசியில், அந்த நாள் வந்தது.

மதியம் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வடகிழக்கில் ஒரு மேகம் கோபுரம் மாதிரி ஏறுவதைப் பார்த்தேன். கேமராவோடு அலுவலக மொட்டை மாடிக்கு ஓடினேன். பொங்கும் பால் பாத்திரத்தை மீறுவதுபோல அது ஏறியது. உச்சி எதிலோ முட்டியது போலத் தட்டையாகிப் பரந்தது. பரந்ததன் அடியில் பசுவின் மடி மாதிரி வரிசையாகப் பைகள் தொங்கின. நடுவில் ஒரு பச்சைச் சாயல். பாசி பிடித்த குளத்தில் வெளிச்சம் பட்டால் வரும் பச்சை. அப்படி ஒரு நிறத்தை வானத்தில் நான் பார்த்ததில்லை. சில நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் பண்ணைத் தண்ணீர்த் தொட்டி ஒரே மூலையில் வரும்படி நின்று, மணியையும் திசையையும் குறித்துக்கொண்டேன்.

திடீரென்று முகத்தில் குளிர்காற்று அடித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நாற்பது.

கீழே ஓடினேன். பெட்டிக்குள் வெப்பம் அதற்குள் பல டிகிரி இறங்கிவிட்டிருந்தது. இரண்டு பதினாலுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? அத்தனை வருடப் பழக்கம். முப்பத்தெட்டு புள்ளி இரண்டு என்று எழுதினேன். எழுதி முடித்தபோது சம்பந்தம் சார் பின்னால் நின்றார். அன்று காலையிலிருந்து விதைக் கிடங்கில் இருந்தவர், காற்றடித்ததும் பெட்டியைப் பார்க்க வந்திருந்தார்.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

பொய் வாய்வரை வந்தது. "நெனச்சேன் சார்" என்றேன்.

"அடிச்சிடுங்க. கோடு ஒண்ணே ஒண்ணு போடுங்க, அடியில இருக்கறதப் படிக்க முடியணும். குறிப்புல காரணத்த எழுதுங்க."

"என்ன காரணம் எழுதறது சார்?"

"நடந்தது."

எழுதினேன். 'பதிவாளர் 13.50 முதல் 14.40 வரை வடகிழக்கில் எழுந்த மேகத்தை மாடியிலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்ததால் வெப்பம் படிக்கப்படவில்லை.' மாதக் கடைசியில் அந்தப் பக்கம் தலைமை அலுவலகத்துக்குப் போகும். முகத்தைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பண்ணையில் நாலு சொட்டுத் தூறியதோடு வெயில் திரும்பிவிட்டது.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால், ஒரு அம்மா கோணி சுற்றிய அலுமினியக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக வந்தார். பச்சையம்மா. கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் சின்ன ஊர். விதைநெல் வாங்க இரண்டு மூன்று தடவை எங்கள் பண்ணைக்கு வந்தவர்.

"மழை அளக்கற பொண்ணு நீதானே? இதப் பாரு. கரையறதுக்குள்ள யாராச்சும் எழுதிக்கணும்" என்று கோணியைப் பிரித்தார். கட்டி கரையாதிருக்கக் குண்டானில் நிரப்பியிருந்த உமிக்குள் கை விட்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நெல்லிக்காய் அளவுப் பனிக்கட்டி.

"விழறப்ப எலுமிச்சங்கா அளவு இருந்துச்சு. பஸ்ஸுல வரதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு. ரெண்டேகாலுக்குப் புடிச்சுது. பத்து நிமிசம்கூட இல்ல. அறுப்புக்கு நாலு நாள் இருந்த நெல்லும்மா. ஒரு மணி தாள்ல நிக்கல, அத்தினியும் சேத்துல கீது." அழவில்லை. அழ நேரமில்லாதவர் மாதிரி பேசினார். "போன வருசம் காத்துல சாஞ்சப்ப ஆபீசருங்க, எங்க எழுதியிருக்குதுன்னுதான் கேட்டாங்க. உன் நோட்டுல ஆலங்கட்டி பேஞ்சுதுன்னு எழுதிடு."

நான் சம்பந்தம் சாரைப் பார்த்தேன்.

"நம்ம எடத்துல பேயலீங்கம்மா. பேஞ்சுதுன்னு எழுத முடியாது" என்றார்.

"அப்ப இது இன்னா சார்? ஐஸ் ஃபாக்டரில வாங்கியாந்தனா?"

அவர் என் உள்ளங்கையில் இருந்த கட்டியைக் குனிந்து பார்த்தார். "அதத்தாங்க கேப்பாங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கேமராவுல எத்தன படம் மிச்சம்?" என்று கேட்டார்.

"நாலு சார்."

அதன்பின் அவர் நடந்துகொண்ட வேகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. விதை நிறுக்கும் தராசில் ஐந்து கட்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்தார். கேண்டீனிலிருந்து வெந்நீர் வரவழைத்து, கத்தியை அதில் முக்கித் துடைத்தார். பெரிய கட்டி ஒன்றை எடுத்து அழுத்தாமல், சூட்டாலேயே இறங்கும்படி கத்தியை வைத்தார். கட்டி இரண்டாகப் பிரிந்தது.

உள்ளே வளையங்கள். நடுவில் மிளகு அளவு பால் வெள்ளை. சுற்றிலும் கண்ணாடி போல ஒன்று, அதைச் சுற்றி மறுபடி வெள்ளை, மறுபடி கண்ணாடி. நான் ஐந்து எண்ணினேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"இன்னா சார் இது, உள்ள கோலம் போட்ட மாதிரி?" என்றார் பச்சையம்மா.

"மேகத்துக்குள்ள இது பட்ட பாடுங்க இது. ரொம்பக் குளிரான எடத்துல தண்ணி மேல பட்டவுடனே உறைஞ்சிடும், காத்து உள்ள மாட்டிக்கும், அது வெள்ளை. கொஞ்சம் குளிர் கம்மியான எடத்துல நிதானமா உறையும், காத்து வெளிய போயிடும், அது கண்ணாடி. ஃபாக்டரி ஐஸ்ல இந்த வளையம் வராதுங்க."

அலுவலக உதவியாளரின் கறுப்புக் குடையைப் பிரித்து ஜன்னலோரம் விரித்தோம். அதன்மேல் கண்ணாடித் துண்டு, கண்ணாடியில் பாதிக் கட்டி, பக்கத்தில் ஸ்கேல். சாயங்கால வெளிச்சம் போதவில்லை, ஷட்டர் மெதுவாகத்தான் வேலை செய்யும். முழங்கையை மேசையில் ஊன்றி மூச்சை அடக்கினேன். முதல் படம் எடுக்கும்போதே ஓரத்தில் தண்ணீர் தேங்கத் தொடங்கிவிட்டது. இரண்டாவது கட்டியை அறுத்தார், எடுத்தேன். மூன்றாவது படம் கை ஆடியது, எனக்கே தெரிந்தது. நாலாவது கட்டியைக் கண்ணாடியில் வைத்துவிட்டு, "அவசரமில்லீங்க" என்றார். அவசரம் இருந்தது. அவர் அப்படிச் சொன்னதால் கை நின்றது. தினேஷ் பார்த்த வெங்காயம் அந்த நாலாவது படம்தான்.

பதிவேட்டில் ஆலங்கட்டி என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டோம். குறிப்பில் மட்டும், இன்னார் இத்தனை மணிக்கு இன்ன ஊரிலிருந்து கொண்டுவந்தார், நிறுக்கப்பட்டது, அறுக்கப்பட்டது, படம் எடுக்கப்பட்டது என்று எழுதினேன். பச்சையம்மாவுக்கு அது திருப்தியாக இல்லை. காலிக் குண்டானை எடுத்துக்கொண்டு, "எழுதறதுக்கே இத்தன கஷ்டமாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பயிர்ச்சேத நிவாரணத்துக்கான விசாரணை. வந்த அதிகாரி கெட்டவரல்ல, அலுத்துப்போனவர். கிட்டத்தட்ட எல்லா ஊர்க்காரர்களும் தங்கள் ஊரில் ஆலங்கட்டி பெய்ததாக மனு கொடுத்திருந்தார்கள். எங்கள் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தவரின் விரல் அந்தக் குறிப்பில் நின்றது.

"ரெண்டு மணி ரீடிங்கையே எடுக்காம படம் புடிச்சிட்டிருந்திருக்கீங்க. உங்க பேச்ச நான் எப்படிம்மா நம்பறது?"

அறை முழுக்க ஆட்கள். பச்சையம்மா முன்வரிசையில். சம்பந்தம் சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று புரிந்தது.

"எடுக்காதத எடுக்கலன்னு எழுதியிருக்கேன் சார். எடுத்த படத்துக்கெல்லாம் நேரம் எழுதியிருக்கேன். இந்தத் தொட்டிய வெச்சுப் பாத்தா மேகம் எந்தப் பக்கம் நின்னுச்சுன்னு தெரியும். அந்தம்மா ரெண்டேகால்னு சொல்றாங்க. ரெண்டு பதினெட்டுக்கு இந்தப் படம்."

அவர் படங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார். கட்டியின் படம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இந்த வளையம் ஏன் வருது?" என்று கேட்டார். அலுப்புக் குரல் போய்விட்டிருந்தது. சம்பந்தம் சார் எழுந்து வந்து விளக்கினார். கடைசியில் அதிகாரி, "எங்கேந்து எங்க வரைக்கும் பேஞ்சுதுன்னு நீங்களே நடந்து பாத்துக் கோடு போட்டுக் குடுங்க" என்றார்.

அன்றே நடந்தோம், சாரும் நானும் அந்த அதிகாரியின் எழுத்தர் ஒருவரும். பச்சையம்மா வழி காட்டினார். ஆலங்கட்டி போன தடம் துல்லியமாக இருந்தது. வேப்பமரங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் இலை இல்லை. ஓடுகள் உடைந்திருந்தன. வாழையிலை நார் நாராகத் தொங்கியது. வரப்புச் சேற்றில் விழுந்த பள்ளங்கள் காய்ந்து அப்படியே இருந்தன. பச்சையம்மாவின் கழனி தடத்துக்குள். அதைத் தாண்டி ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தாண்டை அவர் தங்கை அஞ்சலையின் கழனி. நெல் காற்றில் சாய்ந்து கிடந்தது, ஆனால் மணி தாளில் இருந்தது. சேற்றில் பள்ளமில்லை. அங்கிருந்த வேம்பு முழுசாக நின்றது.

பச்சையம்மா என்னைத் தனியாக அழைத்தார். "இந்த ஒரு கழனியச் சேத்துக்கோம்மா. உன் கோடு கொஞ்சம் தள்ளி விழுந்தா யாருக்குத் தெரியும்? என் தங்கச்சிம்மா."

அஞ்சலை வரப்பில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த வேப்பமரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். ஒரு கிளையிலாவது இலை உதிர்ந்திருக்காதா என்று தேடினேன். உண்மையாகவே தேடினேன்.

"இல்லீங்கம்மா" என்றேன்.

கோட்டை வாய்க்காலில் போட்டேன். தடத்துக்குள் இருந்தவர்களுக்கு நிவாரணம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. பச்சையம்மாவுக்கும் வந்தது. அஞ்சலைக்கு வரவில்லை. அக்காவும் தங்கையும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்தக் கோடு சரி. இன்று கேட்டாலும் அங்கேதான் போடுவேன். ஆனாலும் அந்த ஊர்வழியாகப் பஸ் போகும்போது நான் வாய்க்கால் இருக்கும் பக்கத்து ஜன்னலில் உட்காருவதில்லை.

அன்று மாலை திரும்பும்போது சாரும் நானும் ஒரே பஸ். அவர் முன்சீட்டில், நான் பின்னால். ரீடிங் தவறியதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் அவர் பாதி திரும்பினார்.

"அந்த மேகம் பச்சையா இருந்துச்சுன்னு குறிப்புல எழுதியிருக்கீங்க."

"ஆமாம் சார். பாத்தேன்."

"தெரியும். அதுக்குக் கேக்கல." சீட்டுக் கம்பியைப் பிடித்து முழுசாகத் திரும்பிக்கொண்டார். "முப்பது வருசமா ரெண்டு மணிக்கு நான் பெட்டிக்குள்ள குனிஞ்சு நிக்கறேன். இந்த மாதிரி மேகமெல்லாம் அந்த நேரத்துலதான் ஏறும். ஒண்ணக்கூட ஆரம்பத்துலேந்து முடிவு வரைக்கும் நான் பாத்ததில்லீங்க. எப்படி இருந்துச்சு?"

நான் எழுந்து போய் அவருக்கு எதிரே இருந்த காலி சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒன்று ஐம்பதிலிருந்து சொல்லத் தொடங்கினேன். உச்சி தட்டையான இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். எவ்வளவு நேரத்தில் தட்டையாயிற்று, எந்தப் பக்கம் முதலில் பரந்தது என்று கேட்டார். சொன்னேன். பைகள் தொங்கியதைக் கையால் காட்டினேன். அவரும் தன் கையை அதே மாதிரி வைத்துப் பார்த்தார். பண்ணை நிறுத்தத்தில் கண்டக்டர் விசில் கொடுத்தார், எங்கள் இருவரையும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டார். சம்பந்தம் சார் திரும்பவில்லை.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போலாம்" என்றார். "அந்தப் பச்சை எந்த எடத்துலேந்து ஆரம்பிச்சுது, அதச் சொல்லுங்க."